அன்னைக்குத் தாம்பாளம் யாருகிட்ட இருந்துச்சு

என்ன தாயி அப்பிடிப் பாக்குற? என் மூஞ்சிய எங்கிட்டோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். இந்தப் பக்கத்துல எல்லாரும் அப்பிடித்தான் பாக்குறாக. அத அப்பறம் சொல்றேன், மொத நீ உக்காரு. பாலத்துல வண்டி தூக்கிப் போடும். அந்தப் பை என்னுதுதான். மெள்ள, மெள்ள! தட்டிராத. உள்ள வெங்கலத் தாம்பாளம் இருக்கு. குடு, மடியில வச்சுக்கிறேன்.

ஒடையிற சாமான் இல்ல. சத்தம் வரும், அதுக்குத்தான் சொன்னேன். பழைய சேலையக் கிழிச்சு மூணு சுத்துச் சுத்திருக்கேன். வீட்டுலகூட அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சுத்தான் வச்சிருந்தேன். அரிசிக்குள்ள இருந்தா சத்தம் வராதுல்ல. மருமக என்னமோ நான் திருட்டுப் பொருள ஒளிச்சு வச்ச மாதிரி பாக்குறா.

என் பேரு போதும்பொண்ணு. சிரிச்சுக்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். எனக்கு முந்தி எங்க ஆத்தாளுக்கு நாலு பொட்டப்புள்ள. போதும்டா சாமின்னு எனக்கு இந்தப் பேர வச்சாக. எனக்குப் பெறகும் ரெண்டு பொறந்துச்சு, அது வேற கதை. பக்கத்து வீட்டு ராக்கு அதச் சொல்லித்தான் என்னயக் கேலி பேசுவா. "ஏண்டி, ஒனக்குப் பேரு வச்சுச் சொல்லியே சாமி கேக்கல. நீ போயி நின்னு சொல்லியா அந்தாளு கேக்கப் போறான்?"ம்பா. அந்தாளுன்னா எங்க கட்சி அண்ணன. மரியாத கெடையாது அவ வாயில. செத்தவளக் கொற சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன்.

எங்க எறங்கணுமா? கண்டக்டரும் அதத்தான் கேட்டாரு. "தாலுகா ஆபீஸா ஆத்தா, திடலா?"ன்னாரு. டவுனுக்குன்னேன். பொம்பளையாளுக்கு ஓசி டிக்கெட்டுத்தான, எங்க எறங்குனா அவருக்கு என்ன? மொதல்ல தாலுகா ஆபீஸ் வரும். அடுத்தது திடலு. ரெண்டு எடத்துலயும் பதினோரு மணிக்கு என்னய வரச் சொல்லிருக்காக. தாலுகா ஆபீஸ் வந்தா ஒரு வார்த்த சொல்லு தாயி. எனக்குக் கண்ணு மசமசன்னு இருக்கு.

எங்கூரு ஆலங்கொம்பு. ஊருல கெணறு அத்தனையும் உப்பு. கண்மாய்க்குள்ள ஒரு ஊத்து இருந்துச்சு, அதுதான் குடிதண்ணி. சித்திரையிலயும் வத்தாது. சிரட்டையால மோந்து மோந்து கொடத்துல விடணும். ஒரு கொடம் நெறைய அர மணி நேரமாகும். அந்த அர மணி நேரத்துலதான் எங்கூருக் கல்யாணம் பேசுறது, கருமாதி பேசுறது, மாமியாளத் திட்டுறது எல்லாம். ராக்கு வந்துட்டாள்னா கொடம் நெறைஞ்சாலும் ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா. அப்பிடிப் பேசுவா. அவ வீடும் என் வீடும் ஒரே செவரு.

அந்தக் கண்மாய்க்குள்ள சவுடு மண்ணு அள்ளுறோம்னு ஒரு காண்ட்ராக்டர் சீட்டு வாங்கிட்டு வந்தாரு. மேலாக மூணு அடின்னு சீட்டுல இருக்குமாம். பக்கத்தூருல அப்பிடித்தான் ஆரம்பிச்சு இருவது அடிக்குத் தோண்டிப்புட்டாக. அங்க ஊத்து செத்தே போச்சு. மாசி மாசம் எங்க கண்மாய்க்கு மொத டிப்பர் வந்துச்சு. ராக்கு என்ன செஞ்சா தெரியுமா? கொடத்தத் தூக்கியாந்து வண்டிக்கு முன்னாடி வச்சு, பக்கத்துல உக்காந்துக்கிட்டா. டிரைவரு ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான். இவ திரும்பிப் பாத்து, "தம்பி, நான் வரிசையில உக்காந்துருக்கேன். அவசரம்னா நீயும் ஒரு கொடத்த வச்சுட்டு எனக்குப் பின்னாடி நில்லு"ன்னா!

அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு. வண்டிய ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிட்டான்.

அப்பறம் நாங்க எல்லாரும் மொற வச்சு உக்காந்தோம். கொடி இல்ல, பந்தல் இல்ல. வீட்டுக்கு ஒரு நாள் காவல். காவலுக்கு இருக்குறவகிட்ட ராக்குவோட வெங்கலத் தாம்பாளம் இருக்கும். அவ கல்யாணத்துக்கு அவ அப்பன் சீரா வச்சது. கண்மாய்க்குள்ள வண்டி எறங்குச்சுன்னா உலக்கை நுனியில மாட்டுற இரும்புப் பூண வச்சு அதுல ஒரு போடு போடணும். கணீர்னு கரை தாண்டி ஊருக்குள்ள வரைக்கும் கேக்கும். கேட்ட மட்டுல போட்டது போட்டபடி ஓடியாரணும். ஒரு தடவ கமலம் தலை நெறையச் சீயக்காயோட ஓடியாந்தா. கண்ணத் தொறக்க முடியல அவளுக்கு. கண்ண மூடிக்கிட்டே டிப்பருக்கு முன்னாடி உக்காந்துருந்தா.

மறுநா காலையில ஊத்தடியில வச்சு அடுத்த வீட்டுக்காரிகிட்டத் தாம்பாளத்தக் கைமாத்தணும். எழுத்து கெடையாது, கையெழுத்து கெடையாது. தாம்பாளம் யாருகிட்டயோ அவதான் காவல். நாப்பத்தோரு நாளு. ஒரு சட்டி மண்ணு வெளிய போகல.

ஆனா தாயி, எனக்கு ஒண்ணு கொறையாவே இருந்துச்சு. எங்களுக்குத் தலைவருன்னு ஒருத்தர் இல்ல. டிவிக்காரப் புள்ளைக வந்து, "உங்களுக்கு யாரும்மா தலைவர்?"னு மைக்க நீட்டுனாக. ராக்கு அந்தத் தாம்பாளத்தக் கை காட்டுனா! எனக்கு மானமே போயிருச்சு. நாலு பேரு மதிக்கிறதுக்கு நமக்குன்னு ஒரு மொகம் வேணாமா? நான் சொன்னேன், அண்ணன்கிட்டப் போவோம்டின்னு. "தண்ணி மோக்குற எடத்துக்கு எதுக்குடி தலைவன், அவனா சிரட்டையத் தூக்கப் போறான்?"ன்னுட்டா.

அண்ணன உனக்குத் தெரியாமலா இருக்கும்? இளவேந்தன் அண்ணன். போற வழியெல்லாம் தட்டி வச்சிருக்காகளே, அவருதான். எம்.எல்.ஏ. அப்ப வேட்பாளர். எனக்கும் அவருக்கும் இன்னிக்கி நேத்துப் பழக்கம் இல்ல. என் பேரன் பொறந்தப்ப, அண்ணன் வாயாலதான் பேரு வைக்கணும்னு நின்னுட்டேன். ஏழு மாசம் புள்ளைக்குப் பேரே இல்ல. மருமக அழுகுறா, ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனா நர்சம்மா ஏசுது. நான் அசையல. ஏழாம் மாசம் கூட்டத்துக்கு வந்தாரு. மேடையில ஏத்துனேன். புள்ளையக் கையில வாங்கி "வெற்றி"ன்னு சொன்னாரு பாரு, எனக்கு மேலெல்லாம் சிலுத்துருச்சு. அன்னைக்கு மேடையேறுன மூணு புள்ளைக்கும் அதே பேருதான். அதுல ஒண்ணு பொட்டப்புள்ள. அவருக்கு ஆயிரம் சோலி, பாவம்.

பங்குனியில ஓட்டுக் கேக்க அண்ணன் வர்றாருன்னு ஒன்றியச் செயலாளர் தம்பி போன் போட்டுச்சு. "ஆத்தா, காலையில ஒம்பது மணிக்கு மெயின் ரோட்டுல வரவேற்பு. உங்க போராட்டப் பொம்பளைக எல்லாரும் வரணும். ஆளுக்கொரு ஆரத்தித் தட்டு. முன்னாடி நிக்கிறவக கையில பெரிய தாம்பாளமா இருக்கட்டும், கேமராவுல நல்லாத் தெரியணும்"னுச்சு. முன்னாடி நிக்கிறது யாரு? நாந்தான். அப்பத்தான் மகளிரணியில கிளைச் செயலாளராப் போட்டிருந்தாக. என்கிட்ட இருந்ததெல்லாம் சின்னச் சின்ன எவர்சில்வர் தட்டு.

ஜன்னலச் சாத்திரவா? மயிலு கத்துது. எனக்கு இந்த மயிலுச் சத்தமே இப்ப ஆகுறதில்ல.

என்ன சொன்னேன்? ஆமா. ராக்கு அன்னைக்கு வெள்ளனவே தண்ணிக்கு வந்துருந்தா. நான் தாம்பாளத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, மேல வெத்தலையில கற்பூரம் வச்சு எடுத்துட்டுப் போறேன். பாத்துட்டா.

"அதத் தூக்கிக்கிட்டு எங்கடி போற?"

"அண்ணனுக்கு ஆரத்தி எடுக்கணும்டி. ஒரு மணி நேரம். நீதான இங்கிட்டு இருக்க, பாத்துக்க."

"நான் பாத்துக்கிறேன். தட்ட வச்சிட்டுப் போ."

"இந்தத் தட்ட வச்சு ஆரத்தி எடுக்கத்தான்டி போறதே."

"வண்டி வந்தா எதுல தட்டுறது, என் மண்டையிலயா?"

"அண்ணன் ஊருக்குள்ள வர்ற அன்னைக்கு எவனுக்குடி வண்டிய விடத் தைரியம் வரும்?"

அவ மூஞ்சியில கோவமெல்லாம் இல்ல. சிரிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. "உலக்கைப் பூணையாச்சும் குடுத்துட்டுப் போடி. வெறுங்கையா உக்காந்தா தூக்கம் வரும்"னா. குடுத்துட்டு வந்தேன். கரையேறித் திரும்பிப் பாத்தேன். பூண வளையலு மாதிரி கையில மாட்டிக்கிட்டு சுத்திக்கிட்டு இருந்தா.

ஒரு மணி நேரம்னுதான் சொன்னேன். நான் பொய் சொல்லல தாயி. ஒம்பது மணின்னாக, அண்ணன் வரையில ஒரு மணி. வழி நெடுக ஜனம் விடணும்ல? நாங்க வெயில்ல நிக்கிறோம். கொட்டுக்காரன் அடிக்கிறான், வெடிக்காரன் சரஞ்சரமாப் போடுறான், ஸ்பீக்கர்ல பாட்டு. காது செவுடாகிருச்சு. பன்னெண்டு இருக்கும். ஒரு சரம் வெடிச்சு முடிஞ்சு அடுத்தது பத்த வைக்கிற எடவெளியில கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். நீட்டமா. மயிலு கத்துதுன்னு நெனச்சேன். கமலம்கூட "என்னக்கா அது?"ன்னா. "மயிலுடி"ன்னேன். மயிலுதான். எங்க கண்மாய் நெறைய மயிலுதான தாயி. மயிலாத்தான் இருக்கணும்.

அப்பறம் அண்ணன் வந்தாரு. வேன விட்டு எறங்கி நேரா என்கிட்ட வந்தாரு. ஆரத்தி சுத்தி நெத்தியில பொட்டு வச்சேன். ஒரு செம்பு ஊத்துத் தண்ணி கொண்டு போயிருந்தேன், குடுத்தேன். வாய்கிட்ட வச்சாரு, கேமராவெல்லாம் மின்னுச்சு. "இந்தத் தண்ணி என் தாய்ப்பாலுக்குச் சமானம், இதத் தொட எவனையும் விடமாட்டேன்"னாரு. எல்லாரும் அழுதுட்டோம். செம்பப் பின்னாடி நீட்டுனாரு. அவருக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளு வாங்கித் தண்ணியத் தாருரோட்டுல கவுத்துட்டு, செம்ப என்கிட்டக் குடுத்தாரு. அண்ணன் குடிக்கலதான். பிரச்சாரத்துல தொண்டை கட்டிருக்கும், பச்சத் தண்ணி ஆகாது. நான் தப்பா எடுத்துக்கல.

அந்தக் குடை பிடிச்ச ஆளுதான் சவுடு காண்ட்ராக்டரு. அது எனக்குப் பெறகுதான் தெரியும். அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்? பின்னாடி நிக்கிறவன் யாருன்னு பாக்க முதுகுலயா கண்ணு இருக்கு?

நாங்க திரும்பிக் கரையேறையில ரெண்டு மணி. பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் வந்தோம். முன்னாடி போன கமலம் அப்பிடியே நின்னா. கண்மாய்க்குள்ள டயர்த் தடமாக் கெடந்துச்சு. ஊத்து இருந்த எடத்துல பள்ளம். ராக்கு பள்ளத்துக்கு இங்கிட்டு, தடத்துக்குக் குறுக்க, கொடத்துக்குப் பக்கத்துல கெடந்தா.

என் கையில தாம்பாளம் இருக்கு. ஆரத்தித் தண்ணி கொஞ்சம் அடியில கெடந்துச்சு. அந்தச் செவப்ப... சரி விடு.

போலீசுல என்னன்னு எழுதுனாக தெரியுமா? வெறகு பொறுக்கப் போன கெழவி, பின்னாடி வந்த வண்டியக் கவனிக்கல. விபத்து. காண்ட்ராக்டர் தரப்புல அப்பிடித்தான் சொன்னாகளாம், அங்க காவலே கெடையாதுன்னு. கையில என்னமோ ஒரு இரும்பு வளையம் இருந்துச்சுன்னும் எழுதிருக்கு. அது என்னன்னு அவுகளுக்குத் தெரியல. அத விரல மடக்கி அப்பிடிப் பிடிச்சிருந்தாளாம், எடுக்கவே முடியலையாம்.

எங்கூருப் பொம்பளைக ஒருத்தியும் வாயத் தொறக்கல. எல்லாரும் ரோட்டுல நின்னவளுகதான? காவலுக்கு மறுபடி உக்காரவும் இல்ல. எதுக்கு உக்கார்றது, ஊத்துத்தான் போயிருச்சே. இப்ப லாரியில தண்ணி வருது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா. லாரி மேல அண்ணன் படம் போட்டிருக்கு. கும்பிட்ட மாதிரி.

ராக்குவுக்கு அண்ணன் ஒண்ணும் செய்யலன்னு சொல்லக் கூடாது. மறுநாளே போஸ்டர் அடிச்சாக. "நீருக்காக உயிர் நீத்த வீரத்தாய்"னு. அண்ணன் பெருசா, அழுகுற மாதிரி. ராக்கு மூலையில சின்னதா. கட்சிப் புள்ளைக வந்து போட்டோ கேட்டுச்சுக. ராக்குக்கு ஏது போட்டோ? நாங்க எல்லாரும் ஊத்தடியில உக்காந்துருந்த ஒரு படம், டிவிக்காரப் புள்ள எடுத்தது, அதக் குடுத்தேன். நானும் ராக்குவும் ஒட்டிக்கிட்டு உக்காந்துருப்போம். அதுல வெட்டி எடுக்கையில மாறிப்போச்சு.

ஆமா தாயி. என் மூஞ்சியத்தான் போட்டாக. அதான் உனக்குப் பாத்த மாதிரி இருக்கு.

கடைக்குப் போறேன், செவுத்துல நான் செத்துப் போயிருக்கேன். மாலை போட்டு, கீழ கண்ணீர் அஞ்சலின்னு. டீக்கடையில ஒரு ஆளு என்னயப் பாத்துட்டு கிளாசக் கீழ போட்டுட்டான். கட்சிப் புள்ளைககிட்டச் சொன்னேன். "அச்சடிச்சது அடிச்சாச்சு ஆத்தா, ஊருக்காரங்களுக்குத் தெரியும்ல"ன்னுச்சுக. அவசரத்துல செஞ்சதுக, அதுகளத் திட்டி என்ன? எங்க வீட்டு வெள்ளாடு ஒண்ணு ஒரு போஸ்டரத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் படத்தக் கிழிச்சுக் கிழிச்சுத் தின்னுட்டு, என் மூஞ்சிய மட்டும் விட்டுட்டு என்னயவே பாத்துச்சு. அந்த ஆட்ட வித்துப்புட்டேன்.

இப்பல்லாம் வீட்டுல ஒரு கரண்டி கீழ விழுந்தாலும் நான் எந்திரிச்சு ஓடிருறேன் தாயி. வாசல் தாண்டி, தெரு முக்கு வரைக்கும். "அத்தே, குக்கர் மூடி அத்தே"ன்னு மருமக பின்னாடியே ஓடியாருவா. பட்டப்பகல்ல, சோத்துக் கையோட நின்னுக்கிட்டு இருப்பேன். கண்மாய்ப் பக்கமிருந்து கணீர்னு கேட்டுச்சேன்னு நிப்பேன். தாம்பாளம் என் வீட்டு அரிசிக்குள்ள கெடக்கு. அங்க யாரு தட்டுறா?

நேத்து தவமணி வந்தா. ராக்கு மக. ஒரே மக. இன்னைக்குத் தாலுகா ஆபீசுல ஆர்டிஓ விசாரணை. ரெண்டு தடவ தள்ளிப்போட்டு, இதுதான் கடைசியாம். "பெரியம்மா, நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். எங்கம்மா வெறகுக்குப் போகல, காவலுக்கு நின்னுச்சுன்னு. அது விபத்து இல்லைன்னு ஆகிரும். குவாரிய நிப்பாட்டிருவாக"ன்னா. என்னய ஒரு வார்த்த குத்திப் பேசல. காப்பி போட்டுக் குடுத்தேன், குடிச்சா. போகையில வாசல்ல நின்னு, "அம்மா தட்டையும் எடுத்தாங்க. அந்த வளையம் எதுக்குன்னு அதக் காட்டுனாத்தான் புரியும்"னா.

சொல்லலாம் தாயி. சொல்றதுக்கு என்ன? ஆனா சொன்னா ஆபீசரு சும்மா விடுவாரா? காவல்னா அன்னைக்குத் தாம்பாளம் யாருகிட்ட இருந்துச்சுன்னு கேப்பாரு. என்கிட்டன்னு சொல்லணும். அப்ப அன்னைக்குக் காவல் யாருன்னு கேப்பாரு.

மொற என்னுது தாயி. அன்னைக்கு என் மொற. அவ சும்மா தண்ணிக்கு வந்தவ.

அத விடு. திடலுக்கு எதுக்குன்னு கேக்கலையே நீ. இன்னைக்கு அண்ணன் வர்றாரு. ராக்குவுக்குப் படத்திறப்பு. பெரிய படம், ஆளு ஒசரம். ஆமா, அதே படந்தான். என்னய ஆரத்திக்கு முன்னாடி நிக்கச் சொல்லிருக்காக. செயலாளர் தம்பி ராவுல போன் போட்டு, "முந்தானையக் கொஞ்சம் முன்னாடி இழுத்து விட்டுக்கங்க ஆத்தா. மேடையில படமும் நீங்களும் ஒண்ணா இருந்தா போட்டோக்காரங்க கொழம்பிருவாங்க"ன்னுச்சு. நியாயந்தான?

நான் என்ன யோசிச்சிருக்கேன்னா, ஆரத்தி எடுக்கையில தாம்பாளத்துல வெத்தலைக்குக் கீழ ஒரு மனு வச்சிருவேன். அண்ணன் பாப்பாரு. என் கையப் பிடிச்சு, "ஏம்மா, எங்கிட்ட மொதல்லயே சொல்லக் கூடாதா?"ம்பாரு. ஒரு போன் போட்டாப் போதும், ஆர்டிஓ எந்திரிச்சு நின்னு எழுதிருவாரு. நான் எதுக்கு அங்க போயி, என் மொற, ஒன் மொறன்னு... அண்ணன் இருக்கையில. மனுவுல என்ன எழுதிருக்கேனா? இன்னும் எழுதல. திடல்ல யாரையாச்சும் எழுதித் தரச் சொல்லணும். நீ எழுதித் தாறியா?

என்ன? தாலுகா ஆபீஸ் வந்துருச்சா?

அந்தா, தவமணி. ஆபீஸ் கேட்டுப் பக்கத்துல நிக்கிறா பாரு, பச்சச் சேல. பஸ்ஸு ஜன்னல் ஒவ்வொண்ணாப் பாக்குறா. நின்ன நெலை அவ ஆத்தா மாதிரியே இருக்கு. இடுப்புல கைய வச்சுக்கிட்டு. கையில ஒரு பிளாஸ்டிக் கவரு. உள்ள இருக்கது அந்தப் பூணுதான். ஆபீசர்கிட்டக் காட்ட வாங்கிட்டு வந்திருப்பா.

எறங்குறேன், எறங்குறேன். கால் மரத்துக் கெடக்கு. கண்டக்டர்கிட்டச் சொல்லு, ஒரு செத்த... இல்ல, சொல்லாத. இருக்கட்டும். அண்ணனப் பாத்துட்டுத் திரும்பையில இங்கிட்டுத்தான வருவேன். பதினோரு மணின்னா பதினோரு மணிக்கா கூப்புடுவாக? ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துல வந்துருவேன்.

பாத்துட்டா. என்னயப் பாத்துட்டா தாயி. கைய வேற தூக்குறா. கூப்புடல. சும்மா கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா.

வண்டி எடுத்துட்டான்.

கொட்டுச் சத்தம் இங்கயே கேக்குது பாரு, திடல்ல ஆரம்பிச்சுட்டாக. வெடி வேற. அண்ணன் இன்னைக்குச் சீக்கிரமா வந்துருவாரு, செயலாளர் தம்பி சொல்லுச்சு.

தாயி. உனக்குக் கேக்குதா? கொட்டு இல்ல, கொட்டுக்கு நடுவுல. இந்தப் பைக்குள்ளருந்துதான் வருது. நான் மூணு சுத்துச் சுத்திருக்கேனே. பஸ்ஸு அதிருறதா இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன், நிக்கமாட்டேங்குது. ஒன் கையையும் வையி தாயி. இங்கன, மேல. அமுக்கு. இன்னும் நல்லா அமுக்கு.